10 மீற்றருக்கு மாற்றித் தருவதாகச் சொல்லி 42,500 ரூபாவைப் பறித்தார்கள்: கொழும்பு வானொலி அன்பர்கள் கவனத்திற்கு

சி.பி. (பொதுமக்கள் குறுந்தூரத்தில் பேசிக்கொள்ளும் வானொலி) அன்டெனாவை, உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காகத் தூரதேசங்களுடன் கதைக்கும் அமெச்சூர் வானொலியின் 10 மீற்றர் அலைப்பட்டைக்கு மாற்றித் தருவதாகச் சொல்லும் ஒரு கடையிடம் 42,500 ரூபாவை இழந்துவிட்டு, அந்த ஆத்திரம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. புறக்கோட்டைப் பக்கம், பழைய வானொலிக் கருவிகளும் உதிரிப்பாகங்களும் விற்கின்ற, உள்ளே ஒரு சிறிய திருத்தும் மேசையும் வைத்திருக்கின்ற வகையைச் சேர்ந்த கடை என்பது போதும். இப்படியான கடைகளில் நேர்மையானவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் நான் பல வருடங்களாகப் பொருள் வாங்கியிருக்கிறேன். அதனால்தான் இந்த வஞ்சகம் கூடுதலாக வலிக்கிறது.

விடயம் தெரியாதவர்களுக்காக ஒரு சில வரிகள். சி.பி. வானொலியின் 40 அலைவரிசைகள் 26.965 முதல் 27.405 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கின்றன, அமெச்சூர்களாகிய நமக்கு உரிமம் உள்ள 10 மீற்றர் பட்டை 28 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 29.7 வரை போகிறது. இரண்டும் அடுத்தடுத்த வீடுகள் என்பதால், ஒரு சி.பி. அன்டெனாவைச் சற்றுக் குறுக்கினால் அது 10 மீற்றரில் நன்றாகவே வேலை செய்யும். 27.185 இல் ஒத்திசையும் அரையலை அன்டெனா ஏறத்தாழ ஐந்தரை மீற்றர் நீளமானது. அதை 28.5 க்குக் கொண்டுவர 25 சென்ரிமீற்றர் அளவு குறைத்து, அடிப்பெட்டிக்குள் இருக்கும் சுருளின் இணைப்புப் புள்ளியையும் கொஞ்சம் நகர்த்த வேண்டும். சூரியனின் செயற்பாடு கூடும்போது இந்த அலைகள் நெடுந்தூரம் போகும்; சூரியச் சுழற்சி 2024 இல் உச்சத்தை எட்டியதிலிருந்து 10 மீற்றர் பகல் வேளைகளில் உயிரோடு இருக்கிறது. புதிய அன்டெனாவை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க ஆகும் செலவைப் பார்த்தவர்களுக்கு, கைக்கெட்டும் சி.பி. அன்டெனா ஒன்றை மாற்றிக்கொள்வது எவ்வளவு நியாயமான வழி என்று நான் சொல்லத் தேவையில்லை.

கடையில் இருந்த அன்டெனா நல்ல அலுமினியக் குழாய்களால் ஆனது, ஆனால் மூட்டுகள் கிளாம்ப் போடாமல் ஆணியடித்து இறுக்கப்பட்டிருந்தன, அடிப்பெட்டியும் மூடி ஒட்டப்பட்டிருந்தது. மாற்றும் வேலையை மானிகள் வைத்துக்கொண்டு தாங்களே செய்து தருவதாகச் சொன்னார்கள். அன்டெனாவுக்கு 31,000, மாற்றும் கூலி 11,500, மொத்தம் 42,500 ரூபா. கூலி அதிகம்தான். ஆனால் சுருளைத் திறந்து, குழாயை வெட்டி, மீண்டும் ஆணியடித்து, அளந்து பார்த்துத் தருவதென்றால் அது ஒரு நாள் வேலை, உழைப்புக்கு உரிய பணத்தைக் கொடுக்க வேண்டும் என்பது என் கொள்கை.

எடுக்கப் போன அன்று நடந்ததுதான் இந்த மோசடியின் மையம். அன்டெனாவைக் கடைக்குப் பின்னால் இருந்த சிறிய முற்றத்தில் சுவரோடு சாய்த்து நிறுத்தி, ஒரு பழைய சி.பி. பெட்டியையும் நிலையலை விகிதம் (அனுப்பும் வலு அன்டெனாவிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்பதன் அளவு, 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) காட்டும் மானியையும் இணைத்து, என்னையே பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முள் அசையவில்லை. 1.1 என்ற கோட்டைத் தொட்டபடி நின்றது. வேலை செய்தவர் என் தோளைத் தட்டி, "சேர், முள்ளப் பாருங்க, கிட்டத்தட்ட ஒண்டுக்கு ஒண்டு. இனி நீங்க உலகம் முழுக்கக் கதைக்கலாம்" என்றார். அவருடைய கைகளில் பற்றாசு சுட்ட தழும்புகள் இருந்தன. தொழில் தெரிந்த கைகள் என்று மதித்து, மீதிப் பணத்தை அந்தக் கைகளிலேயே கொடுத்தேன். அந்தத் தொழில் அறிவு முழுவதையும் என்னை ஏமாற்றுவதற்குத்தான் பயன்படுத்தியிருக்கிறார் என்பதை நினைக்கும்போது இப்போதும் நெஞ்சு எரிகிறது.

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடியில், நிர்வாகக் குழுவிடம் அனுமதி எடுத்து, அன்டெனாவை ஏற்றினேன். எதுவுமே கேட்கவில்லை. 28.200 மெகாஹெர்ட்ஸில் உலகெங்கும் 18 வழிகாட்டி நிலையங்கள், ஒவ்வொன்றும் 10 விநாடி வீதம், 3 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக ஒலிபரப்பிக்கொண்டிருக்கின்றன. பட்டை திறந்திருக்கிறதா என்று அறிய அதைவிட எளிய வழி இல்லை. புதிய அன்டெனாவில் அங்கே வெறும் இரைச்சல். பக்கத்துக்கு இரண்டரை மீற்றராகச் சாதாரண வயரை வெட்டி, பல்கனிக்கு வெளியே இருமுனை அன்டெனாவாகக் கட்டிக் கேட்டால் அதே நேரத்தில் அதே இடத்தில் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவாக வந்தன.

கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். "பாண்ட் திறக்கல்ல சேர், பொறுத்துப் பாருங்க" என்றார்கள். வயரில் கேட்கிறதே என்று சொன்னதும், கடற்கரைக்குக் கிட்ட இருக்கிறீர்கள், உப்புக் காற்று இணைப்பைப் பழுதாக்கியிருக்கும் என்றார்கள். ஏற்றி ஒரு கிழமைகூட ஆகாத அன்டெனாவை எந்த உப்புக் காற்று தின்னும்? பிறகு என் வானொலிப் பெட்டியில்தான் பிழை என்றார்கள். 50 வாட்டில் அனுப்பிப் பாருங்கள், மானி சரியாகக் காட்டினால் அன்டெனா சரிதான் என்று சொன்னவர்களும் அவர்களே. அனுப்பினேன். முதலில் மானி அதே 1.1 ஐக் காட்டியது. சற்று நேரத்தில் முள் ஒரேயடியாக மேலே பாய்ந்தது, வானொலிப் பெட்டி தன் பாதுகாப்புக்காக வலுவைத் தானே குறைத்துக்கொண்டது.

இறக்கி, அனுபவமுள்ள நண்பர் ஒருவருடன் சேர்ந்து அடிப்பெட்டியைத் திறந்தோம். கருகிய நாற்றம் முகத்தில் அடித்தது. சுருளுக்குப் போகும் கம்பி வெட்டிவிடப்பட்டிருந்தது. கேபிள் இணைப்பின் நடு ஊசிக்கும் வெளி உடலுக்கும் இடையில் நான்கு தடையிகள் பற்றாசு போடப்பட்டிருந்தன. இரண்டு முற்றாகக் கரியாகிவிட்டன, மற்ற இரண்டில் பெறுமதியைச் சொல்லும் சிவப்பு, சிவப்பு, பழுப்பு என்ற நிற வளையங்கள் இன்னும் தெரிந்தன. அதாவது 220 ஓம். நான்கை இணையாக வைத்தால் 55 ஓம். 50 ஓம் கேபிளுக்கு முன்னால் 55 ஓம் வைத்தால் மானி 1.1 என்றுதான் காட்டும். மேலே அன்டெனா இருந்தாலும் இல்லாவிட்டாலும், காலையிலும் மாலையிலும், எந்த அலைவரிசையிலும் அதையே காட்டும். அந்தத் தடையிகள் சி.பி. பெட்டியின் 4 வாட்டைத் தாங்கும், 50 வாட்டைத் தாங்காது. முற்றத்தில் என்னை அழுத்த வைத்த பொத்தான் நான்கு தடையிகளைச் சூடாக்கியதே தவிர, ஒரு துளி அலையைக்கூட வெளியே அனுப்பவில்லை.

பிறகு குழாயை அளந்தோம். ஐந்தரை மீற்றர். ஒரு சென்ரிமீற்றர்கூட வெட்டப்படவில்லை, ஓர் ஆணிகூடக் கழற்றப்படவில்லை. இது கவனக்குறைவு அல்ல, கைப்பிழையும் அல்ல. செய்யாத வேலையைச் செய்ததாகக் காட்டுவதற்கென்றே, கணக்குப் பார்த்து, அதற்கேற்ற பெறுமதியில் தடையிகளைத் தெரிவுசெய்து செருகியிருக்கிறார்கள். அதற்குத்தான் 11,500 ரூபா கூலி.

கரிந்த தடையிகளோடு கடைக்குப் போனபோது, "யார் உங்கள அத திறக்கச் சொன்னது? திறந்தா உத்தரவாதம் இல்ல" என்பதுதான் முதல் வார்த்தை. வேலை செய்தவர் ஊருக்குப் போய்விட்டார், போயா விடுமுறைக்குப் பிறகு வாருங்கள் என்றார்கள். போயா முடிந்து போனால், அவர் இப்போது இங்கே வேலை செய்வதில்லை, அது அவர் தனிப்பட எடுத்த வேலை, கடைக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். பற்றுச்சீட்டில் 31,000 மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது, கூலி 11,500 கடை அட்டையின் பின்புறத்தில் பேனையால் குறிக்கப்பட்டிருக்கிறது. முதலாளி அதைப் புரட்டிப் பார்த்து, இது தன் கையெழுத்து இல்லை என்று திருப்பித் தந்தார். கடைசியாக, மனம் இரங்கியவர்போல, "வேணுமெண்டா ஒரு 5,000 ரூபாவுக்குக் கேபிள் எடுத்துக்கொண்டு போங்க சேர், பிரச்சினய விடுங்க" என்றார். 42,500 ரூபாவுக்குப் பதிலாக 5,000 ரூபாக் கேபிள்! நான் எடுக்கவில்லை. நேற்றிலிருந்து என் அழைப்புக்குப் பதிலே இல்லை.

2004 ஆழிப்பேரலையின்போது தொலைபேசிகள் செத்துக் கிடந்த தென்கரையிலிருந்து செய்தி கொண்டுவந்தவர்கள் இந்த நாட்டின் அமெச்சூர் வானொலிக்காரர்கள். இந்தப் பொழுதுபோக்கின் கருவிகள் சில வேளைகளில் உயிர் காப்பவை. வேலை செய்யாத அன்டெனாவை வேலை செய்வதாகக் காட்டி ஒருவரின் கூரையில் ஏற்றுவது பணத்தை மட்டும் திருடுவதல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன், இப்போது மனம் ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். மாற்றிய அன்டெனாவை வாங்கும்போது நிலையலை விகிதத்தை ஒரே இடத்தில் பார்க்காதீர்கள், 26 இலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை நகர்த்திப் பாருங்கள். உண்மையான அன்டெனா ஓரிடத்தில் இறங்கி இரு பக்கமும் ஏறும். எங்கும் ஒரே மாதிரி அழகாக நின்றால் சந்தேகப்படுங்கள். நானோ வி.என்.ஏ. (அன்டெனாவை அளக்கும் சிறிய கருவி) வைத்திருக்கும் நண்பரைக் கூட்டிப் போக முடிந்தால் இன்னும் நல்லது. குழாயின் நீளத்தை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் உங்கள் கையாலேயே அளந்துகொள்ளுங்கள். கூலியையும் என்ன வேலை என்பதையும் பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்தில் வழி கேட்கலாம், ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். என்னுடையது எழுதி முடிந்துவிட்டது, 42,500 ரூபா முழுவதையும் கேட்டிருக்கிறேன்.

இந்த வகைக் கடையில் அண்மையில் அன்டெனா மாற்றியவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து இன்றே மல்டிமீட்டரை எடுத்து, இணைப்பின் நடு ஊசிக்கும் வெளி உடலுக்கும் இடையில் அளந்து பாருங்கள். அடியில் சுருள் உள்ள பல சி.பி. அன்டெனாக்களில் அது பூச்சியம் ஓம் காட்டும், சிலவற்றில் திறந்த சுற்றாக இருக்கும். 50 ஐ அண்டிய எண் வந்தால் அனுப்ப வேண்டாம், அடிப்பெட்டியைத் திறக்கும் முன் படம் எடுத்து வையுங்கள்.