வேத (பைபிள்) வெளிச்சத்தில் வாசிக்க எது முதலில்: ‘குற்றமும் தண்டனையும்’, ‘லே மிஸரபிள்’?

இரண்டும் கிருபையைப் பற்றிய நாவல்களே. வாசிக்கும் முறைதான் வேறு.

தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ (1866) ஆறு பாகங்களும் ஒரு பின்னுரையும் கொண்டது. வாரம் ஒரு பாகம் என்று வைத்தால் ஏழு வாரங்களில் முடியும். நான்காம் பாகத்துக்கு முன் யோவான் சுவிசேஷத்தின் 11-ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். சோனியா என்ற ஏழைப் பெண் லாசருவின் உயிர்த்தெழுதலை, கொலை செய்த நாயகன் ரஸ்கோல்நிகோவுக்கு வாசித்துக் காட்டுவது அங்கேதான். அவள் கையிலிருக்கும் புதிய ஏற்பாடு, அவன் கொன்ற லிசவேத்தா கொடுத்தது. பலர் கவனிக்காமல் கடந்துவிடும் இடம் இது. குற்றத்தை ஒப்புக்கொண்டதும் கதை முடிந்தது என்று புத்தகத்தை மூடுவது பெரிய பிழை. ஒப்புக்கொண்டவன் இன்னும் மனந்திரும்பவில்லை. அந்த மாற்றம் பின்னுரையின் கடைசிப் பக்கங்களில்தான் தொடங்குகிறது.

ஹியூகோவின் ‘லே மிஸரபிள்’ (1862) ஐந்து தொகுதிகள். ஆறு மாதமாவது ஒதுக்க வேண்டும். சுருக்கப் பதிப்பு வேண்டாம்: ஆயரைப் பற்றிய முதல் 14 அத்தியாயங்கள் சுருங்கினால், தன் வெள்ளியைத் திருடிய முன்னாள் கைதி வால்ஜானுக்கு வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டுகளையும் அவர் கொடுப்பது திடீர்ப் பெருந்தன்மையாகத் தெரியும். அந்த மன்னிப்புக்குப் பிறகும் வால்ஜான் ஒரு சிறுவனின் 40 சூ (பழைய பிரெஞ்சுக் காசு) நாணயத்தைப் பறிக்கிறான் என்பதையும் விட்டுவிடக் கூடாது. வால்ஜானைத் துரத்தும் காவல் அதிகாரி ஜாவேரை வெறும் வில்லனாக்காதீர்கள். நியாயப்பிரமாணத்தை மட்டும் அறிந்தவன், இரக்கத்தைப் பெற்றதும் உடைந்துபோகிறான். வாட்டர்லூ போரைப் பற்றிய பகுதியை வேகமாகக் கடக்கலாம்.

குழுவாக வாசிப்பவர்களுக்கு முதலாவதே ஏற்றது. தனியே, பொறுமையாக வாசிப்பவர் ஹியூகோவிடம் போகட்டும்.