புல்லட் ஃபோர்க் வேலைக்கு 11,400 ரூபாய் போச்சு: வடசென்னைக்காரர்கள் உஷார்

பழைய புல்லட் வைத்திருக்கிறீர்களா? முன் ஃபோர்க்கில் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு கால்களில்) ஆயில் ஒழுகுகிறதா? வண்டியை எங்காவது விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 11,400 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

வண்டி 1989 மாடல் 350 ஸ்டாண்டர்டு. அப்பா வாங்கியது. டேங்கில் ‘ராயல்’ எல்லாம் கிடையாது, வெறும் என்ஃபீல்டுதான். கியர் வலது காலில். திருவொற்றியூர் ஃபேக்டரியில் இருந்து வந்து, இத்தனை வருஷமும் அதே சுற்றுவட்டாரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது நான் மணலிக்கு வேலைக்குப் போய்வருவது அதில்தான். கன்டெய்னர் லாரிகள் பள்ளமாக்கி வைத்திருக்கும் ரோடு ஒரு பக்கம், காசிமேட்டு உப்புக்காற்று இன்னொரு பக்கம். முன் பிரேக் பிடித்தால் ஹேண்டில்பாரில் ‘டொக்’ என்று ஓர் ஆட்டம். இடது பக்கம் ஆயில் வழிந்து பிரேக் டிரம் வரைக்கும் இறங்கியிருந்தது.

நான் போன இடம், பழைய புல்லட்டுக்கு மட்டும்தான் வேலை பார்ப்போம் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு மெக்கானிக் கடை. வாசலில் பழைய டேங்குகளை வரிசையாக மாட்டி வைத்திருப்பார்கள், வீடியோவும் போடுவார்கள். பெயர் வேண்டாம்.

ஓனருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வண்டியைப் பார்த்ததும், “இன்னா தம்பி, திருவொற்றியூர்ல பொறந்த வண்டி, இப்படி உட்டு வச்சிக்கீறியே” என்றார். உரிமையோடு திட்டினால் நமக்குப் பிடித்துத்தானே போகும்? சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினுக்கு அடியில் கட்டை வைத்து முன் சக்கரத்தைத் தூக்கினார். கீழே உட்கார்ந்து, ஃபோர்க்கின் இரண்டு பாட்டத்தையும் (அடிப்பகுதியை) பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். என் கையையும் மேலே கோன் செட்டில் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்) வைக்கச் சொன்னார். “ஆட்டம் அங்க இல்ல, கீழ இருக்கு, தெரியுதா? இது உள்ள பைப்ப ஆடாம புடிக்கிற புஷ் தேஞ்சது. வேற எவன்கிட்ட போனாலும் கோன் செட் மாத்தணும்னு துட்டு புடுங்குவான். ஏமாந்துடாத.”

அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு அவர் மேல் முழு நம்பிக்கை வந்தது. திருடன் ஜாக்கிரதை என்று திருடனே சொன்னால் யாருக்குச் சந்தேகம் வரும்?

அதோடு விட்டாரா, என் கண்முன்னாலேயே ஃபோர்க்கின் இடது பைப்பைக் கழற்றி, பனியன் வேஸ்டால் துடைத்து, என் கட்டைவிரலைப் பிடித்து நகத்தை அதன்மேல் ஓட்டிக் காட்டினார். குரோமுக்கு நடுவே துருப்பிடித்த குழிகளில் நகம் மாட்டியது. “இங்கதான் ஆயில் வெளிய வராம தடுக்கிற சீலோட உதடு கிழியுது. சீலை மட்டும் மாத்தினா மறுபடியும் ஒழுகும்” என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஒரே வரிசையில் மூன்று குழி, கொஞ்சம் தள்ளி கடுகளவு பெரிதாக ஒன்று. வீட்டில் காட்டலாம் என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். நல்லவேளை.

இரண்டு பைப்பும் பழைய ஸ்டாக் ஒரிஜினல், ஹார்டு குரோம் என்று 7,500. சீல், புஷ், ஆயில் எல்லாம் சேர்த்து 1,900. கூலி 2,000. மொத்தம் 11,400 ரூபாய். பில் கேட்டதற்கு, “பில்லு போட்டா ஜிஎஸ்டி வரும், உனக்குத்தான் வீண் செலவு” என்றார். ஒரு துண்டுச் சீட்டில் ‘ஃபோர்க் ஃபுல் வேலை 11,400’ என்று எழுதிக் கொடுத்தார். பணம் அனுப்பியது அவருடைய மச்சான் நம்பருக்கு.

வேலை முடிந்து வண்டி வந்த புதிதில் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் அதே இடது பக்கம் ஈரம். போன் செய்தேன். “புது சீலு, செட் ஆவறதுக்கு டைம் எடுக்கும்.” சரி என்று பொறுத்தேன். அடுத்து வலது பக்கமும் ஆரம்பித்தது. “நீ ஓட்டுற ரோடு அப்படி, எந்த சீல் தாங்கும்?” அதற்கப்புறம் போனை எடுப்பது கடைப்பையன்தான். மாஸ்டர் ஊருக்குப் போயிருக்கிறார், மாஸ்டர் சாப்பிடுகிறார், மாஸ்டர் டெஸ்ட் ஓட்டப் போயிருக்கிறார். அந்த மாஸ்டரின் புது வீடியோ மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

இதற்கு நடுவில் கல்மண்டபம் பக்கம் ஒரு டிரெய்லர் சட்டென்று நிற்க, முன் பிரேக்கை முழுசாகப் பிடித்தும் வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது. ஒழுகிய ஆயில் டிரம்முக்குள் போய் பிரேக் ஷூவை நனைத்திருக்கிறது. பின் பிரேக்கை மிதித்து எப்படியோ ஒதுக்கி நிறுத்தினேன். காசு போனதை விட இதுதான் வயிற்றெரிச்சல்.

ராயபுரத்தில் அப்பாவுக்குத் தெரிந்த வயதான மெக்கானிக் ஒருவரிடம் தள்ளிக்கொண்டு போனேன். ஸ்டாண்டர்டு மாடலில் பைப் மேல் தகரக் கவர் மூடியிருக்கும், கழற்றினால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். கழற்றினார். இடது பைப்பைப் பெட்ரோல் போட்டுத் துடைக்கத் துடைக்க, சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு பசை சின்னச் சின்னதாக உதிர்ந்தது. அடியில் மூன்று குழி, தள்ளி ஒரு பெரிய குழி. போனில் இருந்த படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். என்னுடைய பழைய பைப்பேதான்! குழியை அடைத்து, எமரி தாள் போட்டு, பஃப் அடித்து, அதையே எனக்கு ஒரிஜினல் என்று விற்றிருக்கிறார்கள்.

வலது பக்கம் மாற்றியிருப்பது உண்மை. ஆனால் ஹார்டு குரோம் இல்லை. ஹார்டு குரோம் என்றால் கனமாக ஏற்றி, அதற்குமேல் கிரைண்டிங் செய்து அளவுக்குக் கொண்டுவருவது. இது கண்ணுக்கு மினுக்க மெலிசாக ஏற்றியது, அதற்குள் சீல் உரசும் இடத்தில் உரிய ஆரம்பித்துவிட்டது. புஷ் மாற்றவே இல்லை. உள்ளே இருந்தது ஃபோர்க் ஆயிலும் இல்லை, எங்கோ வடித்த கறுப்பு இன்ஜின் ஆயில், அதுவும் ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய.

நேரில் போய்ப் படத்தைக் காட்டினேன். “பழைய பைப்புன்னா எல்லாமே அப்படித்தான் இருக்கும்” என்றார். என் பழைய பைப் எங்கே என்று கேட்டால், காயலான் கடையில் போட்டாச்சாம். நான் விடாமல் கேட்கவும் “பில்லு இருந்தா காட்டு” என்றார் அதே மனிதர்! கடைசியில் ஐநூறு ரூபாயை நீட்டினார். 11,400 வாங்கிய கை. நான் வாங்கவில்லை. தம்பி என்று கூப்பிட்டவர் அன்றைக்கு ‘சார்’ என்று கூப்பிட்டார், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

விவரமாக ஒரு லிஸ்ட் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. கழற்றிய பழைய சாமானை வேலை முடிந்ததும் கையோடு கேட்டு வாங்குங்கள், இதை வேலை ஆரம்பிக்கும்போதே சொல்லிவிடுங்கள். புது பைப்பை மாட்டும் முன் நகத்தை ஓட்டிப் பாருங்கள், முடிந்தால் கவர் மூடும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். ஜிஎஸ்டி போனால் போகிறது, பில் வாங்குங்கள். ஓனர் பெயரில் இல்லாத நம்பருக்குப் பணம் போடாதீர்கள். ஃபோர்க் ஆயில் ஒழுகும் வண்டியை ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று ஓட்டாதீர்கள், அது பிரேக்குக்குப் போகும்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. 5 லட்சம் ரூபாய் வரைக்கும் அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். துண்டுச் சீட்டு, பணம் போனதற்கான மெசேஜ், இரண்டு படங்கள், அந்தப் பைப், எல்லாம் என்னிடம் இருக்கின்றன. இதே மாதிரி வேறு யாராவது அந்தப் பக்கம் ஃபோர்க் வேலை செய்திருந்தால், கவரைக் கழற்றிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.