கடன் கணக்குச் செயலி: மூன்றரை ஆண்டுக்குப் பிறகு

‘சந்தாவைக் குறைத்திருக்கிறார்களாம், வாங்கலாமா அண்ணாச்சி?’ என்று பெயிண்ட் கடைத் தம்பி நேற்று கேட்டார். கைப்பேசியில் பற்று வரவு எழுதும் செயலியைத்தான் சொல்கிறார். என் எலெக்ட்ரிக்கல் கடையில் மூன்றரை ஆண்டுகளாக அதுதான் ஓடுகிறது. பில் போடுவது, இருப்புப் பார்ப்பதெல்லாம் அவருக்கே தெரியும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சரக்கு கொடுத்த நிமிடமே வாங்கியவர் கைப்பேசிக்குத் தொகையும் மொத்தப் பாக்கியும் போய்விடுகின்றன. ‘அந்த இரண்டு காயில் வயர் நான் எடுக்கவில்லையே’ என்ற மாதக் கடைசிப் பேச்சு அதோடு நின்றது. அதைவிடப் பெரிது, பாக்கியை 30, 60, 90 நாள் என்று பிரித்துக் காட்டும் பக்கம். காலையில் ஊதுபத்தி கொளுத்தியதும் அதைத்தான் பார்ப்பேன். நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். யார் பாக்கி எத்தனை நாள் பழையது என்று புரட்டிப் புரட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே 90 நாள் வரிசையில் ஒரு பெயர் ஏறியதுமே அடுத்த சரக்கை நிறுத்திவிடலாம். இந்த ஒரு பக்கத்துக்கே சந்தா தகும்.

என் கோபம் வாராக்கடனில் இருக்கிறது.

வயரிங் வேலை எடுத்துச் செய்பவர் ஒருவர் 23,600 ரூபாய் பாக்கியோடு திருப்பூர் போய்விட்டார். சரக்கு 20,000, ஜிஎஸ்டி 3,600. அந்த 3,600 ரூபாயை விற்ற மாதக் கணக்கிலேயே நான் கட்டியாயிற்று. சரக்கு திரும்பி வந்தால் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துக் கொடுக்கும் சீட்டு) போட்டு வரியைச் சரிக்கட்டலாம். பணம் வராமல் போனால் கட்டிய வரி போனதுதான். மிச்சம் இருந்த ஆறுதல் வருமான வரி. அந்த ஆண்டுக் கணக்குக்குப் பொருந்திய 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36-ஆவது பிரிவு, வாராக்கடனைப் போக்கெழுதிய, அதாவது இனி வராது என்று கணக்கில் நட்டமாக எழுதிய, ஆண்டின் லாபத்தில் கழித்துக்கொள்ள விடுகிறது. கடன் வராது என்று நிரூபிக்கக்கூட வேண்டாம், கணக்கில் போக்கெழுதியிருந்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொல்லிவிட்டது. ஆக, எல்லாம் அந்த ஒரு பதிவில்தான் இருக்கிறது.

அந்தப் பதிவுக்குத்தான் செயலியில் இடமில்லை. பாக்கியைக் குறைக்க ‘பணம் வந்தது’ என்ற பொத்தானைத் தவிர வேறு வழி கிடையாது. மார்ச் 31 இரவு அதை அழுத்தினேன். பாக்கி தீர்ந்தது, ரொக்க இருப்பு 23,600 கூடிவிட்டது. வராத பணத்தை வந்ததாகக் காட்டுவது எந்த ஊர்க் கணக்கு? வாராக்கடன் கணக்கில் பற்று, கடனாளி கணக்கில் வரவு என்று பிளஸ் டூ மாணவன் இரண்டு வரியில் எழுதிவிடுவான். உதவி எண்ணை மூன்று முறை அழைத்தேன். ‘அந்தப் பெயரை நீக்கிவிடுங்கள் சார், சரியாகிவிடும்’ என்பதே மூன்று முறையும் பதில். நீக்கினேன். ஆடிட்டர்தான் தன் பேரேட்டில் முறையாகப் போக்கெழுதிக் கொடுத்தார்.

அடுத்த பொங்கலுக்கு அந்த மனிதர் கடை வாசலில் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து பத்து ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ‘இப்போது இவ்வளவுதான் அண்ணாச்சி. மொத்தம் எவ்வளவு நிற்கிறது?’ என்றார். திரையில் அவர் பெயரே இல்லை. பழைய கடன் நோட்டைத் தேடி எடுத்தேன். அவர் கையெழுத்துக்குக் கீழே 23,600 இருந்தது. 5,000 வரவு என்று அவர் கையாலேயே எழுத வைத்து, கையெழுத்தும் வாங்கினேன். காலவரம்புச் சட்டப்படி கடனுக்கு வழக்குப் போட உள்ள மூன்று ஆண்டு முடியுமுன் இப்படி எழுதி வாங்கினால், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு. ஆடிட்டர் அந்தத் தொகையை ‘வாராக்கடன் மீட்பு’ என்று தனியாக வரவு வைத்தார்.

தம்பி, வாங்க வேண்டாம். போன வாரம்தான் நான் இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பித்தேன். 90 நாள் பக்கத்தைப் பார்க்காமல் கடை திறக்க எனக்கு மனம் வராது. ஆனால் நீங்கள் புதிதாகத் தொடங்குகிறீர்கள். போக்கெழுதத் தெரிந்த மென்பொருளாகப் பார்த்து வாங்குங்கள். எதை வாங்கினாலும் கடன் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.