விதை மானியம், தடைச் சட்டம், வயலில் துணை நிற்கும் ஆள்: மண் வளத்திற்கு மூன்று மாநிலங்கள் கண்ட வழிகள்

மண்ணைக் காக்க நினைக்கும் மாநில அரசு இடுபொருளைப் பாதி விலைக்குத் தரலாம், மண்ணைக் கெடுப்பதைச் சட்டத்தால் தடுக்கலாம், அல்லது உழவர் பழக்கத்தை மாற்றிக்கொள்ளும் சில ஆண்டுகளுக்கு அருகிலிருந்து கற்றுத் தரலாம். தமிழ்நாடு பெரும்பாலும் முதல் வழியிலும், சிக்கிம் இரண்டாவதிலும், ஆந்திரம் மூன்றாவதிலும் நடந்து வருகின்றன. அரசின் பணம் நின்ற பிறகும் உழவர் அந்த வேலையைத் தொடர்வாரா என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் இந்த மூன்றையும் எடைபோட வேண்டும் என்று கருதுகிறேன்.

சிக்கிமில் 2003-இல் பவன் குமார் சாம்லிங்கின் அரசு இயற்கை வேளாண்மையைக் கொள்கையாக அறிவித்து, ரசாயன உர மானியத்தைப் படிப்படியாக விலக்கி, 2014-இல் சட்டமும் இயற்றியது. 2016 ஜனவரியில் ஏறத்தாழ 75,000 ஹெக்டேர் நிலத்துடன் அது முழு இயற்கை வேளாண் மாநிலமாக அறிவிக்கப்பட்டது. உறுதியான முடிவுதான். ஆனால் ஏலமும் இஞ்சியும் விளையும் அந்த மலை நிலத்தில் உரப் பயன்பாடு முன்பே மிகக் குறைவாக இருந்தது என்பதையும், அரிசியின் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நெல்லை நம்பி வாழும் சமவெளியில் தடை எப்படி முடியும் என்பதை இலங்கை 2021-இல் காட்டிவிட்டது: ஏப்ரலில் அறிவித்த உர இறக்குமதித் தடையை நவம்பரிலேயே திரும்பப் பெற நேர்ந்தது. ஆகவே காவிரிப் படுகைக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தமிழ்நாட்டில் 2021 முதல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை உண்டு. 2024–25-இல் ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டம் 22 இனங்களுடன் 206 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்டது. பசுந்தாள் உர விதை, மண்புழு உரம், களர் மற்றும் அமில நிலங்களைச் சீர்படுத்துதல் ஆகியவை அவற்றுள் அடங்கும். இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது, பயிரை வளர்த்துப் பச்சையாகவே மண்ணில் மடக்கி உழும் பசுந்தாள் உரம்தான். அதற்கான செடிகளுள் ஒன்றான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 நாளில் பூவெடுக்கும் தருணத்தில் ஒரு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றிலுள்ள தழைச்சத்தை அது பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. அந்தப் பருவத்தில் மடக்கி உழுதுவிட வேண்டும். தாமதித்தால் தண்டு நாரேறி, மட்க நாளாகும். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து குறுவை நடவு தொடங்குமானால், இந்த 45 நாளும் கோடை மழையை ஒட்டிய ஏப்ரல், மே மாதங்களில்தான் கிடைக்கும். விதை ஜூனில் வேளாண் விரிவாக்க மையத்திற்கு வந்தால், குறுவைக்காரருக்கு அந்த மானியத்தால் பயனில்லை. இடுபொருள் மானியத்தின் பலவீனம் இதுதான்: கணக்கில் செலவு ஏறிவிடும், ஆனால் வயலில் பருவம் தப்பிவிடும்.

செலவே அதிகமில்லாத நல்ல உதவி ஒன்றும் இங்கே இருக்கிறது. ஏரி, குளங்களின் வண்டல் மண்ணை உழவர்கள் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள, நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் என்று அனுமதி உண்டு. 2024-இல் இந்த அனுமதி வட்டாட்சியர் அளவிலேயே கிடைக்குமாறு எளிதாக்கப்பட்டது. ஏரியும் ஆழப்படுகிறது, மணற்பாங்கான நிலத்திற்கு நீரைப் பிடித்து வைக்கும் தன்மையும் வருகிறது.

மண்ணைச் சோதித்து உரப் பரிந்துரை எழுதித் தரும் மண் வள அட்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2015-இல் மத்திய அரசு தொடங்கி மாநிலங்கள் வழியாக நடத்திய அத்திட்டம் மண்ணின் 12 அளவுகளைக் காட்டுகிறது. ஆனால் பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி எடுப்பதே அதன் தொடக்க கால முறை. தமிழ்நாட்டில் ஓர் உழவரின் சராசரி நிலம் 2015–16 கணக்கெடுப்பின்படி 0.75 ஹெக்டேர்; எனவே மூன்று வீட்டு நிலத்திற்கு ஒரே முடிவு எழுதப்பட்டது. பக்கத்து வயலின் மண்ணை வைத்துச் சொல்லும் பரிந்துரையை யார் நம்புவார்கள்? அதிலும் 45 கிலோ யூரியா மூட்டை, வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுச் செலவும் நீங்கலாக, 242 ரூபாய்க்குக் கிடைக்கும்போது?

ஆந்திரத்தில் ரைது சாதிகார சம்ஸ்தா என்ற அரசு நிறுவனம் பணத்தைப் பொருளில் போடாமல் ஆளில் போட்டது. இயற்கை வேளாண்மையைத் தம் நிலத்தில் செய்து தேர்ந்த உழவர்களே ஊர்ப் பயிற்றுநர்களாக அமர்த்தப்பட்டு, மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வழியாக வீடு வீடாகச் செல்கிறார்கள். மழைக்கு முன்பே பல பயிர்களின் விதைகளைக் கலந்து விதைத்து நிலத்தை வெறுமையாக விடாமல் வைத்திருப்பது அவர்கள் கற்றுத்தரும் முக்கிய முறை. 2024-இல் போர்ச்சுகலின் குல்பென்கியான் அறக்கட்டளை வழங்கும் விருதைப் பகிர்ந்துகொண்ட மூவரில் இத்திட்டமும் ஒன்று. இதிலும் சிரமங்கள் உண்டு: மாடில்லாத வீட்டில், சாணமும் கோமியமும் கலந்து புளிக்கவைக்கும் ஜீவாமிர்தக் கரைசலைத் தயாரிப்பது எளிதன்று, களையெடுக்கக் கூலியாட்கள் அதிகம் வேண்டும், பலன் தெரிய ஆண்டுகள் ஆகும். ஆயினும் பயிர் வெளுக்கும் வாரத்தில் வரப்பில் வந்து நின்று, பொறுத்திருக்கலாமா கூடாதா என்று சொல்ல அதே ஊர்க்காரர் ஒருவர் இருப்பது எந்த மானியத்தாலும் வாங்க முடியாத பலம்.

தமிழ்நாடு வண்டலையும் விதையையும் விட வேண்டியதில்லை. அவற்றோடு இந்த ஆளையும் சேர்க்க வேண்டும். குத்தகைக்கு உழுபவரை நினைத்தே இதை வலியுறுத்துகிறேன். சிட்டா கேட்கும் மானியம் நிலம் யார் பெயரில் உள்ளதோ அவரிடம் போய் நின்றுவிடுகிறது. வரப்புக்கு வரும் பயிற்றுநரோ அங்கே உழுதுகொண்டிருப்பவரிடம்தான் பேசுவார்.