வெளிர் ஷேட்டா, கறுப்பு மதுரோவா?

ஷேட், மதுரோ என்பவை சுருட்டின் மேலே சுற்றும் இலையின் (மேலிலை) இரண்டு வகைகள். எந்தச் சுருட்டு வாங்குவது என்று தடுமாறினால், முதலில் காகிதப் பட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணைக் கட்டிக்கொண்டு சுவைத்துப் பாருங்கள். பேரும் விலையும் நாக்கை முந்திக்கொள்ளும்.

சுவை: கனெக்டிகட் ஷேட் மேலிலை துணிப் பந்தலுக்குக் கீழே வளர்வது, பாலேடு, வைக்கோல் வாசம். மதுரோ நீண்ட நாள் புளிக்கவைத்தது; காபி, கோக்கோ, லேசான இனிப்பு.

காட்டம்: நிறத்தை நம்பாதீர்கள். கறுப்பென்றால் காட்டம் என்ற எண்ணம், கண்ணைக் கட்டியதும் கலைந்துவிடும். காட்டம் பெரும்பாலும் உள்ளே சுருட்டிய லிகெரோவிலிருந்து வருகிறது. அது செடியின் மேல்பகுதி இலை.

உறுதி: ஷேட் மெல்லியது, சட்டென்று கிழியும். மதுரோ தடிப்பு, மெதுவாக எரியும்.

எதுவானாலும் 65–70 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். அப்புறம், நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும். அவசரப்பட்டால் சூடேறி இரண்டுமே கசக்கும்.

காலைக் காபியோடு என்றால் ஷேட். வயிறு நிறைந்த இரவுக்கு மதுரோ.