டிஎம்ஸ் கில்டா, இட்ச்சா? செங்கோட்டை ஜெராக்ஸ் கடையிலிருந்து ஓர் அலசல்

ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கதை வளர்த்து ஆடும் ஆட்டம் ஆர்பிஜி. அதன் ரசிகர்களே எழுதி விற்கும் துணைநூல்களை வாங்க இன்றைக்கு முக்கியமாக இரண்டு கடைகள். ஒன்று டிஎம்ஸ் கில்ட். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்ற ஆர்பிஜியை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட், ஒன்புக்ஷெல்ஃப் நிறுவனத்தோடு சேர்ந்து 2016 ஜனவரியில் தொடங்கியது. மற்றது இட்ச்.ஐஓ. 2013-ல் சுயேச்சை வீடியோ கேம்களுக்காக வந்த தளம், போகப்போக டேபிள்டாப் (மேஜை ஆட்ட) ஆட்களும் அங்கே கடை விரித்துவிட்டார்கள். இரண்டிலும் வாங்கி ஆடிப் பார்த்தாயிற்று. இப்போது என் காசு பெரும்பாலும் இட்ச் பக்கம்தான் போகிறது. அதற்குக் காரணம் பேப்பர். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மற்றதைச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் சில டாலருக்கு நல்ல சரக்கு கிடைக்கும், 'விரும்பியதைக் கொடு' வகையும் உண்டு. இரண்டுக்கும் கார்டில் வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் போய் ஆன் செய்ய வேண்டும். 2020 அக்டோபருக்குப் பிறகு வந்த கார்டு என்றால் அது ஆஃப் ஆகித்தான் கைக்கு வரும். எழுதியவருக்குப் போகும் பங்கில் வித்தியாசம் இருக்கிறது: கில்டில் பாதி, இட்ச்சில் எழுதியவரே தளத்தின் பங்கை முடிவு செய்யலாம், அவர் எதையும் மாற்றாவிட்டால் பத்து சதவீதம். எழுதியவருக்கு நாலு காசு கூடப் போகட்டும் என்று நினைப்பவருக்கு இது ஒன்றே போதும். இட்ச்சில் 'கம்யூனிட்டி காப்பி' என்று ஒரு நல்ல வழக்கமும் உண்டு. காசு கொடுக்க முடியாதவர்களுக்காக எழுதியவரே சில பிரதிகளை இலவசமாக எடுத்து வைத்திருப்பார். எங்கள் கூட்டத்துக் கல்லூரிப் பையன்கள் அதில்தான் ஓட்டுகிறார்கள்.

சரி, பேப்பருக்கு வருகிறேன்.

நாங்கள் ஆடுவது செங்கோட்டையிலும் புளியரையிலும், யார் வீட்டில் இடம் இருக்கிறதோ அங்கே. தென்காசியிலிருந்து இரண்டு பேர், புனலூரிலிருந்து ஒருவர். 2018-ல் அகலப்பாதை வேலை முடிந்து மலைப்பாதையில் ரயில் மறுபடி ஓடத் தொடங்கியதால்தான் அவர் வர முடிகிறது. கணக்கெல்லாம் மலையாளத்தில் போடுவார், டி20 என்ற இருபது முகப் பகடையில் ஒன்று விழுந்தால் மட்டும் தமிழில் திட்டுவார். புளியரைப் பக்கம் மலையடிவாரத்தில் சிக்னல் வரும், போகும். ஆளுக்கொரு போனில் பிடிஎஃப் பார்த்து ஆடுவது சரிப்படவில்லை. ஒருவர் மேப்பைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்குள் அடுத்தவர் வாட்ஸ்அப்புக்குப் போய்விடுகிறார். அதனால் எதை வாங்கினாலும் ஜெராக்ஸ் கடை வழியாகத்தான் மேஜைக்கு வரும்.

அங்கேதான் இரண்டு கடையின் குணமும் தெரிகிறது. கில்ட் சரக்கு பெரும்பாலும் அதிகாரப்பூர்வப் புத்தகத்தைப் பார்த்துச் செய்தது. அமெரிக்க லெட்டர் அளவு, இரண்டு பத்தி, பின்னால் பழைய தோல்காகித நிறம். லெட்டர் என்றால் 216-க்கு 279 மில்லிமீட்டர், நம் ஏ4 210-க்கு 297. 'ஃபிட்' போடாமல் அடித்தால் ஓரத்து எழுத்து போகும். போட்டால் மேலும் கீழும் வெள்ளை விழும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பின்னணி நிறம்தான் தொல்லை. கருப்பு வெள்ளையில் அடித்தால் பக்கம் முழுக்கச் சாம்பல் படிந்து, ஸ்டாட் பிளாக்கில், அதாவது ஒரு அரக்கனின் பலத்தைச் சொல்லும் கட்டத்தில், இருக்கும் சின்ன எண்கள் அதில் மூழ்கிவிடும்.

"அண்ணாச்சி, இது பூரா கருப்பா இருக்கு. டோனரக் குடிச்சிரும், கலர் ரேட்டுதான் போடணும்" என்றான் கடைத் தம்பி.

"இரு தம்பி, பின்னணி இல்லாம வேற ஃபைல் இருக்கான்னு பாக்கேன்" என்று தேடினால் பாதி நேரம் இருக்காது. 'பிரிண்டர் ஃப்ரெண்ட்லி' பதிப்பு சேர்த்துத் தருபவர்கள் கில்டிலும் இருக்கிறார்கள். வாங்கும் முன் விவரத்தில் அந்த வார்த்தை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, கில்ட் பிடிஎஃப்பின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வாங்கியவர் பெயரும் ஆர்டர் எண்ணும் சின்ன எழுத்தில் வரும்படி பல ஃபைல்களில் வைத்திருக்கிறார்கள். கடைக் கம்ப்யூட்டரில் ஃபைலை விட்டுவிட்டு வந்தால் நம் பெயரோடு அது எங்கே சுற்றுமோ! அடித்து முடித்ததும் டெஸ்க்டாப்பிலிருந்தும் டவுன்லோட்ஸிலிருந்தும் அழித்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

இட்ச்சில் நான் வாங்குபவை பெரும்பாலும் ஜீன்கள், அதாவது ஏ5 அளவு குட்டிப் புத்தகங்கள். ஏ4-ஐ மடித்தால் ஏ5 என்பதால் எழுத்தைச் சுருக்கவே வேண்டாம். 32 பக்க ஜீன் எட்டே தாளில் முடிந்துவிடும். அதே 32 பக்கம் லெட்டரில் என்றால் முன்னும் பின்னும் அடித்தாலும் பதினாறு தாள், மேலே ஸ்பைரல் வேறு. ஜீனுக்கு நடுவில் இரண்டு சென்டர் பின் போதும், மேஜையில் விரித்து வைத்தால் அப்படியே படுத்துக் கிடக்கும். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் இங்கே சாரல் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். திண்ணையில் ஆடும்போது ஜீன் நனைந்தால் மறுநாள் இன்னொன்று அடித்துக்கொள்ளலாம், டீ, வடை காசுதான்.

அடிக்கும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. பல ஜீன்கள் இரண்டு ஃபைலாக வரும்: தனித்தனிப் பக்கமாக ஒன்று, எதிரெதிர்ப் பக்கங்கள் சேர்ந்து ஒன்று. பிரிண்டுக்குத் தனிப்பக்க ஃபைலைத்தான் கொடுக்க வேண்டும். அடோபி ரீடரில் 'புக்லெட்' என்று ஒன்று இருக்கிறது, அது பக்க வரிசையை அதுவாகவே மாற்றிக்கொள்ளும். பேக் டு பேக் அடிக்கும்போது தாள் குறுகிய விளிம்பில் புரள வேண்டும். இல்லாவிட்டால் பின்பக்கமெல்லாம் தலைகீழ்.

இட்ச்சில் எல்லாமே இப்படி ஒழுங்கு என்று சொல்ல மாட்டேன். மோர்க் போர்க் என்ற ஆர்பிஜியின் பாணி என்று மஞ்சளையும் கருப்பையும் கொட்டி, எழுத்தைக் கோணலாக்கி வைத்திருப்பவை ஏராளம். ஜெராக்ஸில் அவை அடுப்புக்கரி. வேடிக்கை என்னவென்றால் மோர்க் போர்க்கே ஓவியமில்லாத வெறும் எழுத்துப் பதிப்பை இலவசமாகத் தருகிறது. பின்னால் வந்தவர்களுக்குத்தான் அது தோன்றவில்லை. தேடுவதும் இட்ச்சில் பெரும்பாடு. கில்டில் லெவல், வகை என்று வடிகட்டி எடுக்கலாம். இட்ச்சில் யாராவது கைகாட்டினால்தான் நல்லது அகப்படும்.

இட்ச் பக்கம் நான் சாய்வதற்கு கேர்ன் என்ற ஆட்டமும் ஒரு காரணம். 2020-ல் வந்த சின்ன விதிநூல், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. மொழிபெயர்க்கலாம், பகிரலாம், நம்முடையதையும் அதே உரிமத்தில் விட வேண்டும், அவ்வளவுதான். விதிகளைத் தமிழில் ஒரே தாளில் எழுதிப் புதிதாக வருபவர்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். கேர்னுக்கான துணைநூல்களில் ஒரு அரக்கனுக்கு இரண்டு மூன்று வரிதான் இருக்கும். ஐந்தாம் பதிப்பு டி அண்ட் டியில் அதே அரக்கன் அரைப் பக்கம் பிடிக்கும்.

ஆனால் உங்கள் கேம்பெயின், அதாவது பல நாள் தொடர்ந்து ஆடும் கதை, ஃபர்காட்டன் ரெல்ம்ஸ், ரேவன்லாஃப்ட் போன்ற டி அண்ட் டி கற்பனை உலகங்களில் ஓடுகிறது என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, கில்டுக்குத்தான் போக வேண்டும். அந்த உலகங்களை வைத்து ரசிகர்கள் எழுதி விற்க அங்கேதான் அனுமதி. 2023 ஜனவரியில் விஸார்ட்ஸ் கிரியேட்டிவ் காமன்ஸுக்கு விட்ட எஸ்ஆர்டி என்ற விதித் தொகுப்பில் டி அண்ட் டியின் அடிப்படை விதிகள் இருக்கின்றன. பீஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர் போன்ற அரக்கர்களின் ஸ்டாட் பிளாக் இல்லை. வருடக்கணக்கில் ஓடும் கேம்பெயினுக்குக் கில்ட் சரக்கு எப்படித் தாங்கும் என்பதைப் பற்றி என் பேச்சை அதிகம் நம்ப வேண்டாம். நாங்கள் ஒரே அமர்வில் முடிக்கும் ஒன்-ஷாட் ஆட்கள், மிஞ்சினால் நாலைந்து செஷன். கில்டில் சில தலைப்புகள் அச்சுப் புத்தகமாகவும் கிடைக்கும். ஒரே ஒருமுறை வரவழைத்தேன், புத்தக விலையைத் தபால் செலவு தாண்டிவிட்டது.

விமர்சன விஷயத்தில் இரண்டு கடையையும் ஒரே தராசில் வைப்பேன். கில்டில் காப்பர், சில்வர் என்று வரும் பதக்கம் எத்தனை பிரதி விற்றது என்பதைத்தான் சொல்லும், தரத்தை அல்ல. ஐந்து ஸ்டார் போட்ட பலர் படித்ததோடு சரி, ஆடியிருக்க மாட்டார்கள். 'அட்டை அருமை, எழுத்து அருமை' என்றிருந்தால் நான் அப்படியே தாண்டிவிடுவேன். 'மூன்றாவது அறையில் என் ஆட்கள் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டார்கள், சாவி எங்கே என்று புத்தகத்தில் இல்லை' என்று ஒருவர் எழுதியிருந்தால் அவர் ஆடியிருக்கிறார், அதை நம்பி வாங்கலாம். நான் எழுதும்போது எத்தனை பேர் ஆடினோம், எவ்வளவு நேரம் ஓடியது, நடுவில் எதை நானே இட்டுக்கட்ட வேண்டி வந்தது என்று மட்டும் சொல்வேன். கடைசியில் ஒரு வரி, ஏ4-ல் கருப்பு வெள்ளையாக அடித்தால் மேப் தெரிகிறதா இல்லையா என்று. அந்த வரியைப் பார்த்து இரண்டு முறை, எழுதியவர்களே பின்னணி இல்லாத ஃபைலைச் சேர்த்துவிட்டார்கள்.