வீட்டுக்கே போய் கம்ப்யூட்டர் சரிசெய்ய எவ்வளவு வாங்கலாம்? மணிக்கணக்கு, வேலைக்கணக்கு, பாகத்தில் லாபம்: ஓர் ஒப்பீடு

பழைய லேப்டாப்பில் எஸ்.எஸ்.டி. (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலான வேகமான சேமிப்புப் பாகம்) மாட்டி விண்டோஸ் போட்டுத்தர ஒருவர் 300 ரூபாய் கூலி சொல்கிறார். அடுத்த தெருக்காரர் 1,100 சொல்கிறார். முதல் ஆள் மலிவு என்று தோன்றும். அவர் எஸ்.எஸ்.டி. விலையிலேயே 800 ரூபாய் ஏற்றியிருந்தால் இரண்டும் ஒன்றுதான். ஆகவே தொகையைப் பேசும் முன், காசு எதற்கு வாங்குகிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும்: செலவான நேரத்துக்கா, முடித்த வேலைக்கா, விற்ற பாகத்துக்கா, வருட ஒப்பந்தத்துக்கா? இங்கே வரும் தொகைகள் எல்லாம் மாதிரிக் கணக்கு. அவரவர் ஊர்ச் செலவைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில் அடிவிலை

தனியாளாக பைக்கில் போய் வேலை பார்ப்பவருக்கு மாதம் 30,000 ரூபாய் கையில் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல், வண்டிப் பராமரிப்பு 4,000. மொபைல், இணையம் 1,000. பென் டிரைவ், டிஸ்க்கை வெளியே மாட்டிப் படிக்க யு.எஸ்.பி. என்க்ளோசர், மாற்றிப் பார்க்க ஒரு எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), பிராசசர் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் வகையறாவுக்கு 2,000. வராத பாக்கிக்கும் இலவசமாகத் திரும்பப் போகும் நடைக்கும் 1,000. ஆக 38,000.

மாதம் 25 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 200 மணி நேரம். இதில் பாதிதான் காசாகும். ஐம்பது மணி நேரம் வண்டியில் போகும். இன்னொரு ஐம்பது, போன் பேசுவதிலும் ஸ்பேர் வாங்க (சென்னை என்றால் ரிச்சி தெருவில்) அலைவதிலும் போகும். 38,000-ஐ 100-ஆல் வகுத்தால் மணிக்கு 380 ரூபாய். இதற்குக் கீழே போனால் கைக்காசு போட்டு வேலை பார்க்கிறோம் என்று அர்த்தம்.

பயணத்தில்தான் கணக்கு அடிக்கடி பிசகும். போக வர 16 கிலோமீட்டர், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டி, பெட்ரோல் சுமார் 100 ரூபாய் என்றால் எரிபொருள் செலவு 36 ரூபாய்தான். அதைப் பார்த்து ‘விசிட்டுக்கு 50 வாங்கினால் போதும்’ என்று நினைப்பவர்கள் உண்டு. போனது 50 நிமிடம் என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை. நேர்மாறான தவறும் உண்டு: 380 என்ற விலைக்குள் பயண நேரம் ஏற்கெனவே அடங்கியிருக்க, மேலே பயணத்துக்கும் மணிக்கணக்கில் கேட்பது. அது ஒரே செலவை இரண்டு முறை வாங்குவது.

பயணத்தைத் தனியாக வாங்குவதானால் அந்த ஐம்பது மணி நேரத்தையும் காசாகும் நேரத்தில் சேர்க்க வேண்டும்: 38,000-ஐ 150-ஆல் வகுத்தால் மணிக்கு 253 சொச்சம், 255 என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேர வேலைக்கு, 50 நிமிடப் பயணத்தில் இருப்பவர் 467 ரூபாய் தருவார். 10 நிமிடப் பயணத்தில் இருப்பவர் 297. சேர்த்து வாங்கினால் இருவருக்கும் 380. அதாவது பக்கத்து வீட்டுக்காரர் தூரத்து வீட்டுக்காரருக்காகக் கொடுக்கிறார். கும்பகோணம் மாதிரி ஊரில் சேர்த்து வாங்குவதே நல்லது, தகராறு இல்லை. சென்னையிலும் கோவையிலும் இரண்டு வட்டம் போடலாம்: 5 கிலோமீட்டருக்குள் கூடுதல் கிடையாது, அதைத் தாண்டினால் 150. நிமிடத்துக்கு நிமிடம் பயணக்காசு கேட்டால் ஆட்டோ மீட்டரில் நடக்கும் அதே வாக்குவாதம் வாசலில் நடக்கும்.

மணிக்கணக்கா, வேலைக்கணக்கா

பெரிய முடிவு இதுதான். இதற்கு ஒரே ஒரு கேள்வி போதும்: வேலை எவ்வளவு நேரம் ஆகும் என்பது யார் கையில் இருக்கிறது?

டெஸ்க்டாப்பில் டிஸ்ப்ளே வரவில்லை. அனுபவசாலி ஒரு ரேம் மட்டும் வைத்துப் பார்ப்பார், அதன் பொன்னிறக் கால்களை ரப்பரால் துடைப்பார், கிராபிக்ஸ் கார்டைக் கழற்றுவார், மல்டிமீட்டரில் 12 வோல்ட் கம்பி 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் நிற்கிறதா என்று பார்ப்பார், மதர்போர்டிலுள்ள பட்டன் செல்லைக் கழற்றி மாட்டுவார். பத்து நிமிடத்தில் படம் வந்துவிடும். மணிக்கணக்கில் அதற்கு 63 ரூபாய். அதே வேலையைத் தடுமாறி இரண்டு மணி நேரம் பார்ப்பவருக்கு 760. கற்றுக்கொண்டவனுக்கு அபராதம் போடும் முறை இது. நேரம் டெக்னீஷியன் திறமையைப் பொறுத்திருக்கும்போது வேலைக்கணக்குதான் நியாயம்: பழுது கண்டுபிடிக்க 350, அதில் ரேம், செல், கேபிள் சரிபார்ப்பு அடக்கம்.

‘ரேமைத் துடைச்சதுக்கு 350-ஆ தம்பி?’ என்ற கேள்வி நிச்சயம் வரும். வேலை முடிந்த பிறகு பதில் சொன்னால் எடுபடாது. தொகையைப் போனிலேயே சொல்லியிருந்தால் கேள்வியே வராது.

இன்னொரு வேலை. பிரிண்டரை வைஃபையில் சேர்க்க வேண்டும், அப்பாவின் புது லேப்டாப்பில் மெயில் திறக்க வேண்டும். பார்க்கச் சின்ன வேலை. விலை குறைந்த பிரிண்டர்கள் பலவற்றுக்கு வைஃபையின் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் 2.4 மட்டும்தான் தெரியும். ரவுட்டரில் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் சேராமல் முரண்டு பிடிக்கும். அதையாவது ரவுட்டர் அமைப்பில் பெயரைப் பிரித்துச் சரிசெய்யலாம். மெயில் கடவுச்சொல் மறந்துபோயிருக்கும். ஓ.டி.பி. போவது துபாயில் இருக்கும் மகன் நம்பருக்கு. அவர் மீட்டிங்கில் இருப்பார். நாற்பது நிமிடம் சோபாவில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இங்கே நேரம் வாடிக்கையாளர் கையில். 300 ரூபாய் என்று வேலைக்கணக்கு பேசியவர் மாட்டிக்கொள்வார். இதற்கு மணிக்கணக்கு சரி: முதல் மணி நேரம் 400, பிறகு ஒவ்வொரு அரை மணிக்கும் 175. கற்றுக்கொடுக்கும் வேலை, பழைய போனிலிருந்து படங்களை மாற்றும் வேலை, வீட்டிலுள்ள நாலு கருவிகளையும் ‘ஒரு பார்வை பார்க்கும்’ வேலை எல்லாம் இதே வகை.

வேலைக்கணக்கின் பெரிய ஓட்டை, ‘வந்ததுதான் வந்தீங்க, அந்த பிரிண்டரையும் பார்த்துட்டுப் போங்க’ என்பது. முகத்தை முறிக்கவும் முடியாது. பேசிய வேலையோடு 15 நிமிடம் வரை இலவசம், அதற்கு மேல் மணிக்கணக்கு என்று முன்பே வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் தப்பிக்கலாம்.

எஸ்.எஸ்.டி. மாற்றும் வேலையில் சிக்கல் வேறு மாதிரி. பேக்கப், விண்டோஸ், டிரைவர், அப்டேட் எல்லாம் சேர்ந்து மூன்று மணி நேரம் ஓடும். அதில் கைவேலை ஒரு மணி நேரம். மீதி, திரையில் நகரும் பட்டையை வேடிக்கை பார்ப்பது. வீட்டிலேயே உட்கார்ந்து செய்தால் மூன்று மணிக்கும் 1,140 வர வேண்டும். எடுத்துப்போனால் ஒரே நேரத்தில் மூன்று லேப்டாப் ஓடும். அதனால் வீட்டில் செய்ய 1,100, எடுத்துப்போய் மறுநாள் தர 800 என்று இரண்டு விலை சொல்லலாம். தகவல் வெளியே போகக்கூடாது என்று நினைப்பவர் முதலாவதை எடுப்பார்.

இந்த விலைக்குள் என்னென்ன அடக்கம் என்று எழுதாமல் விட்டால் இலவச நடைகள் கிளம்பும். பாமினி போன்ற யூனிகோட் அல்லாத எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள், ஃபார்மேட்டுக்குப் பிறகு கிறுக்கல் ஆங்கிலமாகத் தெரியும்; எழுத்துருக்களை முதலிலேயே நகலெடுத்திருக்க வேண்டும். விண்டோஸின் பொது எழுத்துரு ஃபோல்டர் மட்டும் போதாது, பயனரின் ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டருக்குள்ளும் ஒன்று உண்டு. டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) இருந்தால் டேட்டா ஃபோல்டரை எடுப்பதோடு, உரிமத்தை முதலில் சரண்டர் செய்ய, அதாவது அந்தக் கணினியிலிருந்து விடுவிக்க வேண்டும். அவுட்லுக்கின் மெயில்கள் இருக்கும் பி.எஸ்.டி. கோப்பு இன்னொன்று. விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் டிஸ்க் தானாகவே குறியாக்கம் ஆகி, சாவி இல்லாமல் திறக்காதபடி பூட்டியிருக்கலாம். 48 இலக்க மீட்புச் சாவி கையில் இருக்கிறதா என்று பார்க்காமல் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்பில்) கைவைத்தால், திரை அந்த எண்ணைக் கேட்டு நிற்கும். இவ்வளவையும் சரிபார்க்க முக்கால் மணி நேரமாகும். 300 ரூபாய்க்காரர் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான்.

நேரம் மெஷின் கையில் இருந்தால்

சாகப்போகும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து தகவலை எடுப்பது மூன்றாவது ரகம். நல்ல டிஸ்க்கில் 120 ஜி.பி. நகலெடுக்க அரை மணி நேரத்துக்கும் குறைவு. டிஸ்க்கின் உடல்நிலை காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் சி5 அல்லது சி6 வரியில் (படிக்க முடியாத இடங்களின்) எண்ணிக்கை ஏறியிருந்தால் இரண்டு மணி நேரமும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். மணிக்கணக்கும் செல்லாது, வேலைக்கணக்கும் செல்லாது. முயற்சிக்கு 500, தகவல் கிடைத்தால் மேலும் 1,000 என்று இரண்டாகப் பிரிப்பதே சரி. விண்டோஸின் பழுது பார்க்கும் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டாமல், முதலில் டிடி-ரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளில் முழு நகல் எடுக்க வேண்டும். டிஸ்க் ‘டக் டக்’ என்று தட்டினால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தூசியில்லா அறை வசதியுள்ள மீட்பு நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, வந்ததற்கான 350-ஐ மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

‘சரியானால்தான் காசு’

விளம்பரத்துக்கு அழகான வாசகம். பத்து வீட்டுக்குப் போய் இரண்டு சரியாகவில்லை என்று வைப்போம். ஒவ்வொரு நடைக்கும் 500 செலவென்றால் 5,000-ஐ எட்டு பேரிடம் வாங்க வேண்டும்: ஆளுக்கு 625. சரியாகக் கூடிய மெஷின் வைத்திருப்பவர், சரியாகாத மெஷினுக்கும் சேர்த்துக் கட்டுகிறார். அதைவிட மோசம், வெறுங்கையோடு திரும்பாமல் இருக்க எதையாவது மாற்றிவிட்டு ‘ஆச்சு’ என்று சொல்லத் தோன்றும். ரேம் பழுதால் வரும் நீலத்திரைக்கு (விண்டோஸ் நின்றுபோகும் பிழைத்திரை) ஃபார்மேட் போட்டால் நாலு நாள் நன்றாக இருப்பதுபோல் தெரியும், பிறகு திரும்ப வரும். வந்து பார்க்க 350, வேலைக்கு ஒப்புக்கொண்டால் பில்லில் கழித்துக்கொள்வோம் என்பது இதைவிட நேர்மையானது. கழிக்கும் 350 வேலைக்கணக்கு விலைக்குள் முன்பே இருக்க வேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

பாகத்தில் லாபம் வைத்தால்

கூலியைக் குறைத்து, ஸ்பேரில் சம்பாதிப்பது பழைய வழி. எதிரே நிற்பவர் மொபைலில் அமேசான் விலையைப் பார்க்காத காலத்தில் அது ஓடியது. இப்போது 2,500 ரூபாய் எஸ்.எஸ்.டி.யை 3,300 என்றால் அங்கேயே பிடிபடும். ‘நானே வாங்கி வெச்சிருக்கேன், மாட்டி மட்டும் குடுங்க’ என்று ஒருவர் சொன்னால் அந்த முறையே கவிழ்ந்துவிடும்.

அதற்காக லாபமே கூடாது என்றில்லை. மூன்று வருடமோ ஐந்து வருடமோ வாரண்டி உள்ள பொருள் பழுதானால் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போய் மாற்றி வருவது யார்? அந்த அலைச்சலுக்கு 10 சதவீதம் நியாயம். வாடிக்கையாளரே வாங்கினால் வாரண்டி அவருக்கும் கடைக்கும் நடுவில். பாகம் பொருந்தாவிட்டால் இரண்டாவது நடைக்கு முழு விசிட் சார்ஜ். பொருந்தாமல் போவது சகஜம். 1.35 வோல்ட் டி.டி.ஆர்.3எல் வகை ரேம் கேட்கும் லேப்டாப்புக்கு 1.5 வோல்ட் ரேம் வாங்கியிருப்பார்கள். சாட்டா வகை எம்.2 எஸ்.எஸ்.டி. மட்டும் ஏற்கும் இடத்துக்கு, என்.வி.எம்.இ. என்ற வேறு வகை வந்திருக்கும்.

ஜி.எஸ்.டி.யும் இங்கேதான் குறுக்கே வரும். சேவை செய்பவருக்குப் பதிவு வரம்பு வருடத்துக்கு 20 லட்சம் விற்றுமுதல். கூலி மட்டும் வாங்குபவரின் 38,000, வருடத்துக்கு 4.56 லட்சம், வரம்பு எங்கேயோ இருக்கிறது. லேப்டாப், மானிட்டர் என்று விற்கத் தொடங்கினால் லாபமல்ல, முழு விற்பனைத் தொகையும் கணக்கில் சேரும். வரம்பைத் தாண்டினால் கூலிக்கு 18 சதவீதம்: 400 என்பது 472 ஆகும்.

வருட ஒப்பந்தம்

வீடுகளுக்கு ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) பெரும்பாலும் நஷ்டம். ஆசையோடு கையெழுத்துப் போடுபவர் வீட்டில்தான் பத்து வருட மெஷின் இருக்கும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத, இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய கணினிக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. அதை ஒப்பந்தத்தில் எடுத்தால் வருடம் முழுக்க அழைப்புதான். ஆடிட்டர் அலுவலகம், டியூஷன் சென்டர், சின்ன கிளினிக் என நாலைந்து மெஷின் உள்ள இடத்துக்கு ஏ.எம்.சி. பொருந்தும். முதலில் ஒவ்வொன்றையும் சோதித்துப் பட்டியல் எடுத்து, வருடத்துக்கு எத்தனை நடை என்று எண் போட்டு, எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டு, யு.பி.எஸ். பேட்டரி சேராது என்று எழுத வேண்டும்.

எந்த முறையானாலும் கிளம்பும் முன் போனில் சொல்ல வேண்டியவை: வந்து பார்க்க எவ்வளவு, அது பில்லில் கழியுமா, வேலைக்கு அதிகபட்சம் எவ்வளவு, அதே பழுது 15 நாளுக்குள் திரும்பினால் இலவசமா. பேசியதையே வாட்ஸ்அப்பில் நாலு வரியாக அனுப்பிவிட்டு, ‘சரி’ என்று பதில் வந்த பிறகு வண்டியை எடுக்கலாம்.